சங்கம் கிங்கம்

‘காப்பி கீப்பி சாப்பிடுறீங்களா?’ என்று கேட்கிறார்கள். கீப்பி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனாலும் கேட்டவர் காப்பியோடு நிற்கவில்லை, டீயோ மோரோ எதுவானாலும் சரி என்கிறார் என்பது நமக்கு உடனே புரிகிறது. மொழியியலில் இதற்கு எதிரொலிச் சொல் என்று பெயர். முதல் எழுத்தை எடுத்துவிட்டு, குறிலுக்குக் ‘கி’, நெடிலுக்குக் ‘கீ’ போட வேண்டியதுதான். மாடு கீடு, புலி கிலி. (இந்தக் கிலி, பயம் அல்ல. ‘கிளி’யிடம் வந்தால் விதியே திணறும், சொல்லிப் பாருங்கள்.)

இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்றார் தொல்காப்பியர். சலசலவில் ஒரு ‘சல’ போனால் மற்றதும் போச்சு. பள்ளிக்கூடத்தில் அதற்கு மதிப்பெண் உண்டு. கீப்பியோ ‘கொச்சை’ என்று வாசலிலேயே நிற்கிறது. அகராதியிலும் ஏற்ற முடியாது. எந்தச் சொல்லிலிருந்தும் இது முளைத்துவிடும் என்பதால் பட்டியலுக்கு அடங்காது. தூய்மைவாதமும் இதனிடம் பலிக்காது. பஸ் கிஸ், ரேஷன் கீஷன், போலீஸ் கீலீஸ் என்று வந்த சொல்லையெல்லாம் தன் வாயில் போட்டுக்கொள்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே ‘கி’தான், இந்திக்காரர் ‘சாய் வாய்’ என்கிறார். இந்தியாவை ஒரே மொழியியல் பரப்பாகக் கண்டு 1956இல் எழுதிய எமனோ, மொழிக்குடும்பங்களின் எல்லையைத் தாண்டும் கூறுகளில் ஒன்றாக இதையும் சொன்னார்.

நம் கதைகளில் இதை வட்டார மணத்துக்காகத் தூவுகிறோம். யார், யாரிடம், எப்போது சொல்கிறார் என்று கேட்பதில்லை. கவனித்தால் ஒன்று தெரியும். ‘மழை கிழை வந்தா’, ‘பாம்பு கீம்பு இருக்கப் போகுது’, ‘விழுந்து கிழுந்து வைக்காதே’, ‘அடி கிடி பட்டுதா?’ எல்லாமே நடக்கக்கூடியவை, நடந்துவிடக் கூடாதவை, நடந்ததா என்று தெரியாதவை. ‘நேத்து மழை கிழை பெஞ்சுது’ என்று யாரும் சொல்வதில்லை. உறுதியாக நடந்து முடிந்ததோடு கிழை ஒட்டுவது அபூர்வம். அக்கறையும் அச்சமும் புழங்கும் இடம் இது. மிரட்டலும் இங்கேதான் குடியிருக்கிறது.

‘சங்கம் கிங்கம்னு கெளம்புனா வேலை கெடையாது.’ இதைச் சொல்லும் முதலாளி சங்கத்தைத் திட்டவில்லை. அதன் பக்கத்தில் பொருளில்லாத ஒரு நிழலை நிறுத்தி, சங்கமே அப்படித்தான் என்று ஆக்கிவிடுகிறார். ‘உரிமை கிரிமை’யும் இந்த வகை. பெயர் வைத்துக் கேட்ட ஒன்று, பெயரில்லாத கூட்டத்தில் கரைக்கப்படுகிறது. கேலி என்பதால் பதில் சொல்லவும் வாய் வராது. அதிகாரத்துக்கு வசதியான இலக்கணம்.

ஆனால் இது ஒருத்தர் சொத்தல்ல. ‘கலெக்டர் கிலெக்டர் யார் வந்தாலும் எடத்தவிட்டு எந்திரிக்க மாட்டோம்’ என்று சாலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் இதே ‘கி’யைத்தான் எடுக்கிறாள்.

சங்கம் நிஜமாகவே அமைந்துவிட்டால் அந்த முதலாளியின் வாக்கியம் மாறுகிறது. ‘சங்கம் கிங்கம்லாம் ஆரம்பிச்சிட்டானுங்க’ என்கிறார். நடந்துவிட்டதைச் சொல்ல, கிங்கத்துக்கு இப்போது ‘எல்லாம்’ என்று ஒரு முட்டு வேண்டியிருக்கிறது.