எண்ணை எழுத்துச் சரமாக்குதல்

நுண்கட்டுப்படுத்தி எனப்படும் சிறு கணிப்பொறி இன்று உஷ்ணமானியிலும், மின்சார மீட்டரிலும், தடுப்பு மருந்துகளைக் காக்கும் குளிர்ப்பெட்டியிலும் இடம்பெற்றுள்ளது. அது கணக்கிட்டறிந்த எண்ணை மனிதர் படிக்க வேண்டுமாயின், அதனை எழுத்துச் சரமாக மாற்றியாக வேண்டும். எண் வேறு, அதனைக் குறிக்கும் எழுத்து வேறு என்பதே இங்கு முதலில் உணரத்தக்கது.

573 என்னும் எண்ணை உதாரணமாகக் கொள்வோம். நினைவகத்தில் இது 2, 61 என்னும் இரண்டு பைட்டுகளாக அமைகின்றது. 2-ஐ 256-ஆல் பெருக்கி 61-ஐக் கூட்டினால் 573 கிடைக்கும். இப்பைட்டுகளை அவ்வாறே திரைக்கு அனுப்பினால் 573 தோன்றாது. 1963-இல் வெளியான ஆஸ்கி குறியீட்டு முறையில் 61 என்பது சமக்குறியைக் குறிக்கும். 2 என்பதற்கோ எழுத்துருவமே இல்லை. அம்முறையில் பூச்சியம் என்னும் இலக்கத்தின் குறியெண் 48. ஒன்பதின் குறியெண் 57.

மாற்றும் முறை எளிது. 573-ஐ 10-ஆல் வகுத்தால் ஈவு 57, மீதி 3. மீதியோடு 48-ஐக் கூட்ட, 51 என்னும் குறியெண் கிடைக்கும். அதுவே 3 என்னும் எழுத்து. ஈவை மீண்டும் மீண்டும் இவ்வாறே வகுத்தால் 7, 5 ஆகியவை முறையே கிடைக்கும். இலக்கங்கள் கடைசியிலிருந்து வருவதால் வரிசையைத் திருப்பி, சரம் முடிந்ததற்கு அடையாளமாகப் பூச்சிய மதிப்புள்ள ஒரு பைட்டை இறுதியில் சேர்த்தல் வேண்டும்.

இடத்தையும் கருதவேண்டும். 16 பிட் முழு எண்களில் மிகச் சிறியதாகிய -32768 என்பதை எழுத, முடிவுக் குறி உட்பட 7 பைட்டுகள் தேவை. இடம் குறைவாக ஒதுக்கப்பட்டால் எழுத்துகள் அண்டையிலுள்ள விவரங்களை அழித்துவிடும். ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள ஏ.டி.மெகா 328பி சில்லின் தற்காலிக நினைவகம் 2,048 பைட்டுகளே. வெவ்வேறு நீளமுள்ள சரங்களை ஓயாது ஆக்கி அழித்துவந்தால் அச்சிறு இடமும் துண்டு துண்டாகச் சிதறும். நாட்பட இயங்கும் கருவி திடீரென நின்றுபோகவும் கூடும்.

இதனினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. உஷ்ணநிலையை டிகிரியில் நூறில் ஒரு பங்காகக் கணக்கிட்டு, 100-ஆல் வகுத்த ஈவைப் புள்ளிக்கு முன்னும், மீதியின் குறியை நீக்கிப் பின்னும் எழுதுவது வழக்கம். 427 என்பது 4.27 ஆகும். ஆனால் -50 என்பதன் ஈவு பூச்சியம், பூச்சியத்திற்குக் குறியில்லை. ஆகவே -0.50 என எழுத வேண்டிய இடத்தில் 0.50 என்றே கருவி காட்டும். ஹெபடைடிஸ் பி போன்ற சில தடுப்பு மருந்துகள் உறைந்தால் பயனிழப்பன. உறைநிலைக்குக் கீழே சென்றதைத் திரை மறைத்துவிடுமாயின், கெட்ட மருந்து குழந்தைக்குச் செலுத்தப்படும் அபாயம் நேரும்.

பரிகாரம் சிறியது: எண் பூச்சியத்திற்குக் கீழ்ப்பட்டதா என்பதை முதலில் ஆராய்ந்து, கழித்தற்குறியை எழுதிய பின்னரே இலக்கங்களைப் பிரிக்க வேண்டும். கருவியைப் பயனுக்கு விடுமுன் -0.50, பூச்சியம், எல்லை எண்கள் ஆகியவற்றைக் கொண்டு சோதித்தல் இன்றியமையாதது.