நிலம் போன குடும்பத்தின் சரித்திரம்

காவேரிப்பாக்கம் என்ற பெயர் சரித்திர நூல்களில் பெரும்பாலும் ஒரு யுத்தத்தின் பொருட்டே இடம் பெற்றிருக்கிறது. 1752ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், பிரெஞ்சுக்காரர் துணையுடன் நின்ற ரஸா சாகிபின் சைனியத்தை ராபர்ட் கிளைவ் அவ்விடத்தில் முறியடித்தான். வென்றவன் யார், தோற்றவன் யார் என்பதெல்லாம் விஸ்தாரமாக எழுதப்பட்டன. அப்படைகள் மிதித்துச் சென்ற கழனி எவருடையது, அடுத்த போகம் வரையில் அக்குடும்பம் எதை உண்டு பிழைத்தது என்ற கேள்வி சரித்திரக்காரருக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

சேனைகள் வந்து சூறையாடிய காலம் மலையேறிவிட்டது. ஆயினும் குடிகளின் மண் பறிபோவது நின்றபாடில்லை. பீரங்கி செய்த வேலையைப் பிற்காலத்தில் கடனும் பத்திரமும் சந்தடியின்றிச் செய்தன. செங்கற்பட்டு ஜில்லா கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் 1891இல் சமர்ப்பித்த அறிக்கையின் பயனாக, மறு வருஷம் சென்னை ராஜதானியில் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குப் பஞ்சமி நிலங்கள் வழங்க ஏற்பாடாயிற்று. அவ்வகுப்பினரல்லாதார்க்கு அவற்றை விற்கலாகாது என்ற நிபந்தனையும் இருந்தது. நிபந்தனை காகிதத்தில் நின்றது. நிலமோ பல ஊர்களில் கைமாறிப் போயிற்று.

இத்தகைய இழப்பை ஒரு குடும்பத்தின் கதையாக எழுதியவர், பழைய வடாற்காடு ஜில்லாவின் மேற்கே பேர்ணாம்பட்டில் பிறந்த அழகிய பெரியவன். அவரது "தகப்பன் கொடி" என்ற நாவல், முன்னோர் ஆண்டு வந்த நிலத்தை இழந்து நிற்கும் ஒரு தலித் குடும்பத்தைப் பற்றியது. வமிசாவளியைக் கொடிவழி என்பது தமிழ் வழக்கு. கொழுகொம்பு சாய்ந்தால் கொடி தரையில் விழும்; நிலம் போனால் வமிசத்தின் கதியும் அதுவே. தகப்பனுக்கு வீட்டில் இருந்த மதிப்பும், மகனுக்கு ஊரில் இருந்த இடமும் நிலத்தோடு சேர்ந்தே போகின்றன என்பதை ஆலோசிப்போர் உணர்வர்.

நிலத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் தப்பினாரில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றிலும் வயல்களிலும் கலந்தது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பிலே, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்று குறிக்கப்பட்டது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. அத்தொழிலே பல்லாயிரம் பேருக்கு அன்னமும் அளிக்கிறது என்பது இதிலுள்ள பெருஞ் சங்கடம்.

நஷ்டத்தை ஹெக்டேரில் அளப்பது கோர்ட்டின் கடமை. அதனால் ஒரு வீட்டில் என்ன உடைந்தது என்பதைச் சொல்ல ஆசிரியன் வேண்டும். நிலத்தைப் பற்றி மேடையில் பேசும் தேச ஊழியர்கள் தீர்ப்பையும் படிக்கட்டும், நாவலையும் படிக்கட்டும். ஒன்றை மட்டும் அறிந்தவர் மனுப் போடுவார். இரண்டையும் அறிந்தவரே நியாயம் கிடைக்குமளவும் ஓயாது உழைப்பார்.