காரமும் அமிலமும்: பாதுகாப்பு வார்கள் நலிவுறும் விதம்

காரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது மிளகாய். வேதியியல் பாடத்திலோ அச்சொல் அமிலத்தோடு வினைபுரிந்து அதனைச் சமன்செய்யும் பொருளைக் குறிக்கிறது. இரு பொருளும் ‘க்ஷாரம்’ என்னும் வடசொல் வழி வந்தவையே. நாம் கைகழுவும் சவர்க்காரத்திலும் அச்சொல் ஒளிந்திருக்கிறது. கட்டுமானத் தளத்து எச்சரிக்கை ஒன்றைத் தமிழில் எழுத முற்படும்போது இச்சொல்லே நம்மைத் தயங்க வைக்கிறது. உயரத்தில் பணிபுரிவோர் அணியும் பாதுகாப்பு வாருக்குக் காரம் பகையா, அமிலம் பகையா என்பது அதன் இழையைப் பொறுத்தது.

பேச்சுவழக்கில் செயற்கை இழைக் கயிறு எல்லாம் ‘நைலான் கயிறு’தான். உண்மையில் இன்றைய வார்கள் பெரும்பாலும் பாலியெஸ்டரால் ஆனவை. சில நைலானால் ஆனவை. நைலானை 1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கினார். பாலியெஸ்டர் இழையை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டனர். இரண்டும் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளே. கண்ணிகளைப் பிணைக்கும் முறைதான் வேறு. நைலானில் அமைடு பிணைப்பு; பாலியெஸ்டரில் எஸ்டர் பிணைப்பு.

எஸ்டர் பிணைப்பை விளக்கச் சவர்க்காரமே போதும். எண்ணெயும் ஓர் எஸ்டர். அதனோடு காரம் சேர்த்துக் காய்ச்சினால் பிணைப்பு அறுந்து சவர்க்காரம் உண்டாகிறது. வலிய காரம் பாலியெஸ்டர் வாரில் பட்டாலும் நிகழ்வது அவ்வினையே. வெப்பம் மிகுந்தால் விரைவும் மிகும். ஈரச் சிமெண்ட் வலிய காரத்தன்மை உடையது என்பதைத் தளத்தில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நைலான் காரத்தை ஓரளவு தாங்கும். அமிலத்தின் முன் நில்லாது. காரம் பாலியெஸ்டரை மேற்பரப்பிலிருந்து அரிக்கிறது. அமிலமோ நைலான் இழைக்குள் ஊடுருவிச் சங்கிலிகளை ஆங்காங்கே துண்டிக்கிறது. கார் பேட்டரியில் உள்ள கந்தக அமிலம் எளிதில் ஆவியாவதில்லை. நீர் உலர உலர அதன் செறிவு கூடுகிறது. அது பட்ட கயிறு நிறம் மாறாமல், நூல் பிரியாமல், புதியது போலவே தோன்றக்கூடும். மலையேறுவோரின் கயிறுகள் இவ்வாறு அறுந்ததுண்டு. செறிந்த கந்தக அமிலம் பாலியெஸ்டரையும் விட்டுவைப்பதில்லை. வெட்டுத் தாங்கும் கையுறைகளில் உள்ள கெவ்லார் இழைக்கோ துணி வெளுக்கும் குளோரின் நீரே பகை.

ஆகவே ‘இரசாயனம் படக்கூடாது’ என்று பொதுவாக எழுதினால் போதாது. ‘காரம் படக்கூடாது’ என்றால் படிப்பவர் மதிய உணவை நினைக்கக்கூடும். பாலியெஸ்டர் வாருக்கு ‘ஈரச் சிமெண்ட், காஸ்டிக் சோடா, ஆசிட் படக்கூடாது’ என்றும், நைலானுக்கு ‘பேட்டரி ஆசிட் உட்பட எந்த அமிலமும் படக்கூடாது’ என்றும் பொருள்களைப் பெயர்சொல்லி எழுதலாம். ‘ஆசிட்’ என்னும் சொல்லைத் தூய்மை கருதி நீக்கச் சொல்வோர் உண்டு. வகுப்பறையில் நாமும் அமிலம் என்றே எழுதுவோம். சாரத்தில் நிற்பவர் படிக்கும் பலகையில் இரண்டும் இருக்கட்டும். அதன் கீழே இன்னொரு வரியும் வேண்டும்: ‘பட்டது எதுவென்று தெரியாவிட்டால், கழுவி அணியாதீர், வாரை ஒப்படைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள்.’