இருளிலே கண்ட வெற்றி

1988 ஆம் ஆண்டிலே வெளிவந்த 'பிளட்ஸ்போட்' என்னும் ஆங்கிலப் படத்தை வெறும் அடிதடிப் படமென்று ஒதுக்குவார் பலர். ஹொங்கொங்கிலே மறைவாக நிகழும் 'குமித்தே' என்னும் மற்போர்ப் போட்டியே அதன் கதை. டக்ஸ் என்னும் நாயகனாக வான்டாமும், இரக்கமற்ற சொங் லியாகப் போலோ யெங்கும் தோன்றுகின்றனர். கதை மெலிது, நடிப்பும் அத்தகையதே. 1993 இல் இடிக்கத் தொடங்கப்பட்ட கௌலூன் கோட்டை நகரின் ஒடுங்கிய சந்துகளைக் காணக் கிடைப்பது ஒரு பேறு.

இறுதிப் போரோ நம்மைப் பிணிக்கின்றது. பகைவன் வஞ்சனையாகப் பொடி தூவி டக்ஸின் கண்களை மறைக்கின்றான். தடுமாறி நிற்பவன், மகனையிழந்த தன் ஆசான் கண்களைக் கட்டிவிட்டுப் பயிற்றிய நாள்களை நினைவுகூர்கின்றான். மனம் அடங்குகின்றது, செவியே கண்ணாகின்றது. முன்னர் விளையாட்டுப் போலக் காட்டப்பட்ட பயிற்சி ஈண்டுப் பயன்கொள்ளும் திறம் காப்பியப் புலவர்க்கும் உவப்பளிப்பதாகும். வென்றவன் பகைவனைக் கொல்லவுமில்லை. தோல்வியை அவன் வாயாலேயே சொல்லுவிக்கின்றான்.

ஆனால், படம் தன்னை உண்மைக் கதையென்று கூறிக்கொள்கின்றது. பிராங் டக்ஸ் என்பாரின் வாழ்க்கை வரலாறாம்! அவர் கூற்றுக்களை 'லொஸ் ஏஞ்சலிஸ் ரைம்ஸ்' பத்திரிகை அவ்வாண்டிலேயே ஐயுற்று ஆராய்ந்தது. இச் சான்றிதழ் எதற்கு? அப் போட்டி நிகழாததேயாயினும், கண்ணிழந்த வேளையிலே ஆசானை நினைந்த அம் மாணாக்கனின் முகம் பொய்யாகத் தோன்றவில்லை.