கட்டடத்தின் குளிர்ச்சியும் பராமரிப்போர் கடமையும்

காரியாலயக் கட்டடமொன்று எழுந்து திறப்புவிழாவும் நடந்தேறிவிட்டால், அதைப் பற்றிய கவலை தீர்ந்ததென்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அதன் பின்னர் அதனைக் கவனிப்போர் வாயிற்காவலரும் துப்புரவுத் தொழிலாளருமே. சுற்றாடலுக்கு இசையக் கட்டப்பட்ட காரியாலயங்களுக்கு இம்மனப்பான்மை சிறிதும் பொருந்தாது. நேயர்களே, ஆபிரிக்காவிலுள்ள ஒரு கட்டடத்தைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

சிம்பாப்வேயின் தலைநகராகிய ஹராரேயில், மிக் பியர்ஸ் என்னும் கட்டடக்கலைஞர் வகுத்த ஈஸ்ட்கேட் மாளிகை 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஒன்பது மாடிகள் கொண்ட இரு தொகுதிகள். நடுவே கண்ணாடிக் கூரையிட்ட நீண்ட முற்றம். இத்துணைப் பெரிய மாளிகை, வழக்கமான குளிரூட்டும் யந்திரத் தொகுதியின்றியே அமைக்கப்பட்டது.

ஹராரே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்திலுள்ளது. பகலில் வெயில் எரித்தாலும் இரவில் காற்று நன்கு குளிர்ந்துவிடும். அந்த இரவுக் காற்றை விசிறிகள் இழுத்து, தரைக்கடியிலுள்ள வெற்றிடங்களினூடே செலுத்துகின்றன. கொங்கிறீற்றும் செங்கல்லும் குளிர்ச்சியை ஏற்று வைத்துக்கொள்கின்றன. மறுநாட் பகலில் அவ்வழியே வருங்காற்று குளிர்ந்து அறைகளை அடைகின்றது. சூடேறிய காற்றோ மேலெழுந்து கூரைமீதுள்ள புகைபோக்கிகளால் வெளியேறுகின்றது. உள்ளிருக்குங் காற்று பகலில் மணிக்கு 2 முறையும் இரவில் 10 முறையும் மாறும்படி திட்டமிட்டனர்.

கறையான் புற்றைக் கண்டே இவ்யோசனை பிறந்தது என்பர். புற்று இவ்விதமாகத் தன்னைக் குளிர்விப்பதில்லையென ஸ்கொட் டேர்னர், ரூபர்ட் சோர் என்னும் ஆய்வாளர் 2008-இல் எடுத்துக்காட்டினர். கறையானைப் பற்றிய எண்ணம் தவறாயிற்று. கட்டடத்துக்கு அதனால் நட்டமேதுமில்லை.

நட்டம் வேறு வழியால் வரலாம். வடிகட்டியில் தூசு அடைந்தால் காற்றுக் குறையும். காற்று வருந்துவாரத்தின்மீது கோவை அலுமாரியைச் சாய்த்து வைத்தால் அவ்வறை புழுங்கும். கணினிகளும் விளக்குகளும் பெருகப் பெருக, வகுத்தவர் கணக்கிட்ட வெப்பத்துக்குமேல் வெப்பம் சேரும். எல்லாவற்றிலும் பெரிது, விசிறியை உரிய நேரத்தில் ஓட்டுவது. குளிரூட்டி யந்திரமாயின், விசையை அழுத்தித் தவறைத் திருத்திக்கொள்ளலாம். இங்கோ, நேற்றிரவு தவறவிட்ட குளிர்ச்சியை இன்று நண்பகலில் மீட்க எவராலும் இயலாது. இராக்காவலில் இருப்பவனே அங்கு மெய்யான பொறியியலாளன் என்றால் மிகையன்று.

இம்முறையை அப்படியே கொழும்பில் நாட்டிவிடலாமா? இயலாது. நம் கரையோர நகரங்களில் இரவுக் காற்றும் வெக்கையும் ஈரமுமாயிருப்பதால், கல்லிற் சேமிக்கப் போதிய குளிர்ச்சி கிடைப்பதில்லை. நமக்கு ஏற்றவை நிழலும் குறுக்குக் காற்றோட்டமுமே. ஜெப்ரி பாவா 1970களில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கு வகுத்த பன்மாடிக் கட்டடம் அவற்றை நம்பியே எழுந்தது. இத்தகைய இடத்தில் பராமரிப்பென்பது, காற்று நுழையுந் திறப்புகளைப் பலகையடித்து மறையாதிருத்தல், யன்னற் கீல்கள் துருவேறாது பார்த்தல், நிழல்தரு மரங்களை வெட்டாது கிளைமட்டும் கழித்தல் போன்ற சிறு வேலைகளே.

2022-ஆம் ஆண்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டதை நேயர்கள் மறந்திரார். யன்னல் திறவாத கண்ணாடி மாடியில் இருந்தவர்க்கும், கீல் துருவேறாத பழைய யன்னலோரம் இருந்தவர்க்கும் அந்நாட்கள் ஒரே விதமாய்க் கழிந்திருக்க இயலாது.