ஐயம் எதன்மேல்?

கணிப்பொறித் துறையில் வேலை கிடைத்துச் சென்னைக்குச் சென்ற சோளிங்கர் நண்பர்கள் விடுமுறையில் ஊர் வரும்போது சொல்வதொன்றுண்டு: "ஏதோ அதிர்ஷ்டத்தில் எடுத்துவிட்டார்கள்; என்றைக்காவது சாயம் வெளுத்துவிடும்." தமிழ் வழியில் பயின்றவர்க்கோ இவ்வச்சம் இரட்டிப்பு. அடுத்த ஆண்டு என் முறை என்பதால் இதுபற்றிச் சிறிது படித்துப் பார்த்தேன்.

1978-ஆம் ஆண்டில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் இதனை ஆராய்ந்து எழுதினர். அவர்கள் கண்டவர் தோற்றவர் அல்லர். பட்டமும் பதவியும் பெற்ற 150-க்கும் மேற்பட்ட பெண்கள். வெற்றியை அதிர்ஷ்டத்தின் கணக்கிலோ தேர்வாளரின் தவற்றின் கணக்கிலோ எழுதிவிடுவதால், எத்தனை வெற்றி வந்தாலும் அவர்களுக்கு ஐயம் தீரவில்லை. பின்னாளில் ஆடவரிடமும் இது காணப்பட்டது.

ஆளின்மேல் கொள்ளும் ஐயத்திற்கு அளவுகோல் இல்லை. வேலையின்மேல் கொள்ளும் ஐயத்திற்கு உண்டு. நம் இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஆலைகளையே பாருங்கள். குரோமிய உப்பில் ஊறிய தோல் பதமாயிற்றா என்றறிய, ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் சில நிமிடம் இடுவார்கள். சுருங்கினால் பதம் போதாது. டிரம் மேலும் சுற்றும். பதனிட்டவரின் தகுதி பற்றிப் பேச்சே எழாது. (எழுந்தாலும் டிரம் நிற்கப் போவதில்லை!)

கணிப்பொறி நிரலுக்கும் இத்தகைய கொதிநீர் உண்டு. விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். பூச்சியம், எதிர்மறை எண் முதலிய குறும்புக்கார எண்களையும் கொடுக்கலாம். பிழை எங்கே என்று தெரிந்தபின், "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஐயா" என்பது, "ஐயா, இவ்வரியில் இந்த விடை ஏன் வருகிறது?" என்று மாறிவிடுகிறது. எங்கள் ஆய்வகத்தில் வாய் திறக்கக் கூசிய தோழியர் இருவர், இப்போது பிறர் நிரலையும் இவ்வாறு சோதித்துத் தருகிறார்கள்.