வேலைக்கு ஆள் எடுக்கிறீங்களா? சேர்க்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

கணக்கு எழுத ஒருவர், கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஒருவர், கம்ப்யூட்டர் வேலைக்கு ஒருவர். தொழில் கொஞ்சம் வளர்ந்தாலே புது ஆட்கள் தேவைப்படுவார்கள். பூட்டை உடைத்து வருபவனைத் தடுக்க சிசிடிவி இருக்கிறது. ஆனால் நாமே சாவியைக் கொடுத்து உள்ளே விட்ட ஆள் ஏமாற்றினால்?

பெரிய நிறுவனங்களே இதில் ஏமாந்திருக்கின்றன. அமெரிக்காவின் 'நோபிஃபோர்' இணையப் பாதுகாப்புப் பயிற்சி தரும் நிறுவனம். 2024-ல் அது வேலைக்கு எடுத்த மென்பொருள் பொறியாளர், வேறொருவரின் அடையாளத்தைத் திருடி வந்த வடகொரிய ஆள். வீடியோவில் 4 நேர்காணல்கள் நடந்தன. பின்னணிச் சோதனையிலும் சிக்கவில்லை. கொடுத்த புகைப்படம் ஏஐ மூலம் மாற்றப்பட்டது. கம்ப்யூட்டர் கைக்குப் போனதுமே தீங்கு செய்யும் மென்பொருளை ஏற்றத் தொடங்கினார். பாதுகாப்புக் குழு உடனே கவனித்துத் தடுத்ததால் தகவல் எதுவும் திருடு போகவில்லை. இதை அந்த நிறுவனமே வெளியில் சொன்னது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

1. ஜெராக்ஸை மட்டும் நம்பாதீங்க. விண்ணப்பதாரரையே தன் போனில் டிஜிலாக்கரைத் திறந்து சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதில் 'இஷ்யூட்' பகுதியில் இருப்பவை அந்தந்தத் துறையிலிருந்து நேரடியாக வருபவை. அவரே பதிவேற்றிய படம் வேறு, இது வேறு.

2. முன்பு வேலை பார்த்த இடத்தைக் கேளுங்கள். பி.எஃப். உள்ளவர் என்றால், எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அவருடைய யுஏஎன் கணக்கிலேயே இருக்கும். பழைய நிறுவனத்துக்குப் பேசும்போது பயோடேட்டாவில் உள்ள செல் எண்ணுக்குப் பேசாதீர்கள். அந்த நிறுவனத்தின் அலுவலக எண்ணை நீங்களே தேடிப் பேசுங்கள்.

3. காவல்துறை சரிபார்ப்பு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் இணையதளத்தில், வேலைக்கு எடுப்பவர்களைப் பற்றிச் சரிபார்க்க ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். ஒன்றை மறக்காதீர்கள்: வழக்கு பதிவானதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார்.

4. ஒருமுறையாவது நேரில் பாருங்கள். வீட்டிலிருந்தே வேலை என்றாலும், லேப்டாப்பை கூரியரில் அனுப்பாமல் நேரில் வரவழைத்து அடையாள அட்டையைப் பார்த்துக் கொடுங்கள்.

5. முதல் நாளே எல்லா சாவியும் வேண்டாம். பில் போடுபவருக்கு பில் போடும் வசதி போதும். ஒவ்வொருவருக்கும் தனி பாஸ்வேர்டு கொடுங்கள். பணம் அனுப்புவதை ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரட்டும். ஓடிபி வரும் போன் உங்களிடமே இருக்கட்டும். வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சோதனை என்ற பெயரில் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். ஆதார் நகல் வேண்டுமென்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' வாங்கலாம். என்ன பார்க்கிறோம், எதற்கு என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகு பாருங்கள். ஊர், சாதி, மதத்தை வைத்துச் சந்தேகப்படுவது சரிபார்ப்பு ஆகாது. எல்லோருக்கும் ஒரே நடைமுறை என்றால், நேர்மையாக வேலை தேடி வருபவருக்கும் வருத்தம் இருக்காது.

இதையும் மீறி ஆன்லைனில் பணம் போய்விட்டதா? தயங்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.